உள்ளங்கையில் காய்ச்சல்

எனக்கு ஒரே ஒரு முற்பகல் மட்டும் பன்றிக் காய்ச்சல் இருந்தது.

ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த மழைக்காலம் அது. மைசூரில் அம்மா நர்ஸாக இருந்த தனியார் ஆஸ்பத்திரியில், பின்பக்கக் கூடம் ஒன்றைக் காலி செய்து, கண்ணாடித் தடுப்பு வைத்துத் தனி வார்டு ஆக்கியிருந்தார்கள். காய்ச்சலோடு வருகிறவர்கள் மற்றவர்கள்மேல் படாமல் பின்வழியாக நேரே அங்கே போய்ச் சேர வேண்டும். அது நடக்குமா என்று பார்க்க ஓர் ஒத்திகை. அதற்கு ஒரு குழந்தை நோயாளி தேவைப்பட, இரண்டாம் வகுப்பில் இருந்த என்னை அம்மா கூட்டிப்போனாள். பள்ளிக்கு லீவு, ஆம்புலன்ஸில் சவாரி என்றதும் நான் முந்தின நாளே இரும ஆரம்பித்திருந்தேன். அப்பா நிஜமென்று நம்பிக் கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பெரிய டாக்டரம்மா குங்குமத்தை எண்ணெயில் குழைத்து என் உள்ளங்கைகளில் பூசினார். அதுதான் கிருமியாம். எங்கெல்லாம் சிவப்பு ஒட்டுகிறதோ, அங்கெல்லாம் காய்ச்சல் போய்விட்டதாகக் கணக்கு.

"படுத்துட்டே இருக்கோணும் கண்ணு. என்ன ஆனாலும் எந்திரிக்கக் கூடாது. அம்மா அங்கயேதான் இருப்பேன்" என்றாள் அம்மா.

ஆனால் வார்டில் அம்மா இல்லை. தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, முகமே இல்லாத ஆட்கள்தான் இருந்தார்கள். ஒருவர் கன்னடத்தில் என் பெயரைக் கேட்டார். ஒருவர் கட்டிலில் படுக்க வைத்தார். பிறகு எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நன்றாக இருமிக் காட்டினேன். யாரும் மெச்சவில்லை. எனக்கு நிஜமாகவே வந்துவிட்டதோ என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. எழுந்து, கதவைத் திறந்து, ஓடினேன்.

வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி, சீட்டு வாங்கிக் காத்திருந்த கூட்டத்துக்குள் புகுந்தேன். ஒரு கர்ப்பிணியின் புடவையைப் பற்றி இழுத்தேன். ஒரு தாத்தாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து முகம் பார்த்தேன். பின்னாலேயே ஓடிவந்த ஓர் உருவம் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியையும் மாஸ்க்கையும் கழற்றி எறிந்தது.

"நாந்தான் சாமி! அம்மாதான், பாரு!"

இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு அவர் நான் ஓடிவந்த வழியே ஒருமுறை நடந்து பார்த்தார். கதவுப்பிடி, கம்பி, புடவை, தாத்தாவின் வேட்டி. திரும்பி வரும்போது அவர் சிரிக்கவில்லை. அம்மாவின் கன்னங்களையே பார்த்துவிட்டு, "நிமகூ பந்தாய்த்து, சிஸ்டர்" என்றார். உங்களுக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். நான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று அந்த முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அதன்பின் வீடு வீடாக இல்லை. ஹனூரில் இருக்கும் பெரியம்மாவுக்கு அடிக்கடி போன் போனது. அடுக்களையில் அப்பா குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்: "அந்த வார்டுக்கு வேற ஆளே இல்லியா?"

"இருந்தா நான் எதுக்குப் பேரு குடுக்கறேன்?"

எந்தப் பேரு, யாருக்கு என்று எனக்குப் புரியவில்லை. என் துணிகளைப் பையில் திணிப்பது மட்டும் புரிந்தது. ஒத்திகையில் ஓடியதற்குத் தண்டனை.

பஸ் ஸ்டாண்டில் அப்பா என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, எதிர்ப்பக்கத் தூண் அருகிலேயே நின்றுவிட்டாள். அப்பா கூப்பிட்டதற்கு, வேண்டாம் என்று கைகாட்டினாள். பஸ் நகர்ந்தபோது நான் தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்:

"இனிமே எந்திரிக்க மாட்டேம்மா! படுத்துட்டே இருக்கறேன்!"

அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, அப்படியே தூணோரம் குந்திவிட்டாள்.

"அம்மாவுக்கு இன்னும் கோவம் போகலையா?" என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா என் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நாங்கள் பஸ் ஏறியதற்கு முந்தின நாளே அந்தக் கட்டிலில் நிஜக் காய்ச்சலோடு ஒரு குழந்தை வந்து படுத்திருந்தது. அது தேறி வீடு போனதும், அம்மாவுக்கு ஒன்றும் ஆகாமல் போனதும், அந்த நாட்களில் அவள் யாரையுமே தொடாமல் இருந்ததும் பல வருஷங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றோ கொள்ளேகால் தாண்டும் வரை, அம்மாவை எப்படிச் சமாதானம் செய்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன்.