கலங்கலில் கட்டிய வலை

எங்கள் பெரியப்பாவுக்கு லாஸ்பேட்டை மேட்டில் சொந்தமாக ஒரு குளம் இருந்தது. அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர். மற்ற சொல்தாக்கள் மாடி வீடு கட்டினார்கள். இவர் ஓடைக்குக் குறுக்கே மண்கரை கட்டினார்.

செம்மண் கரை. ரெண்டு ஆள் உயரம். அடியில் ஒரு மதகு. ஒரு ஓரத்தில் மட்டும் கரையைவிட ஒரு முழம் தாழ்வாக, செங்கல் வைத்துக் கட்டிய வழி. அதுதான் கலங்கல். குளம் ரொம்பினால் மிச்சத் தண்ணீர் அது வழியாகத்தான் வாய்க்காலுக்குப் போகணும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரை மேலே ஏறிவிடும். ஏறினால் மண்கரை நிற்காது. கரைக்குக் கீழேதான் எங்கள் வீடு. மில் வேலைக்குப் போகிறவர்களின் கூரை வீடுகளும் அங்கேதான்.

கரையைப் பெரியப்பா பட்டாளத்துத் துப்பாக்கி மாதிரி வைத்திருந்தார். செடி முளைத்தால் பிடுங்குவார். நண்டு வளை தெரிந்தால் களிமண் வைத்து அடைப்பார். மாடு ஏறினால் மாட்டுக்காரரைப் பிரெஞ்சில் திட்டுவார். அவருக்குப் புரியாது. மாட்டுக்குப் புரிந்து இறங்கிவிடும்.

அம்மாவுக்கு அவர் மூத்தார், புருஷனுடைய அண்ணன். நேருக்கு நேர் பேசும் வழக்கம் இல்லை. ஒரே வீட்டில் பதினோரு வருஷம், ஒரு வார்த்தை பேசியதில்லை. நடுவில் நான். அப்போது எனக்குப் பத்து வயசு.

"பெரியப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடி" என்பாள் அம்மா, அவர் காதில் விழுகிற மாதிரி.

"கொஞ்ச நேரம் ஆவும்னு சொல்லு" என்பார் அவர்.

நான் ரெண்டு பக்கமும் ஒரு தடவை திருப்பிச் சொல்வேன். அப்புறம்தான் அவர்களுக்குக் கேட்கும்.

அந்த வருஷம் பெரியப்பா குளத்தில் கெண்டைக் குஞ்சு விட்டார். தினமும் நான் பொரி போட்டேன். "பொங்கலுக்குப் புடிக்கலாம். மொத மீன் உனக்குத்தான்" என்றார். ஐப்பசி மழை தொடங்கியது. கலங்கல் வழியாக மீன் போய்விடும் என்று பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்துக்குப் போய் ஒரு பழைய வலை வாங்கி வந்தார். கலங்கலுக்குக் குறுக்கே கட்டினார். முளைக்குச்சியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அம்மா பார்த்தாள். அவள் பிறந்த ஊரில் ஏரி உடைந்ததைப் பார்த்தவள்.

"தழை, குப்பை எல்லாம் வலையில மாட்டி அடைச்சிக்கும். அவுக்கச் சொல்லுடி உங்க பெரியப்பாவை."

போனேன். பெரியப்பா கரையில் நின்று மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி?"

"ஒண்ணும் இல்ல."

திரும்பி வந்து, "சொல்லிட்டேன்" என்றேன்.

"இன்னா சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

மூணு நாளில் மூணு தடவை அனுப்பினாள். மூணு தடவையும் பாக்கலாம்னாரு. சாப்பாட்டு நேரத்தில் அவர் காதுபட அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொல்லி அனுப்பியதையே மறுபடி எடுத்தால் குத்திக்காட்டியது போல ஆகுமாம். அப்பாவிடம் சொன்னாள். "அண்ணனுக்குத் தெரியாததா" என்றுவிட்டார்.

நாலாம் நாள் விடாத மழை. காலையில் அப்பா மில்லுக்குப் போய்விட்டார். அம்மா அடுப்படியில் நின்று காது கொடுத்தாள்.

"இவ்ளோ மழைக்குக் கலங்கல்ல தண்ணி சத்தமே கேக்கலியே."

அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

வலை முழுக்கத் தழையும் வைக்கோலும். சுவர் மாதிரி நின்றது. கரை விளிம்புக்கு இன்னும் நாலு விரல்தான் பாக்கி. பெரியப்பா ஒரு கையில் குடையோடு, மறு கையில் குச்சியை வைத்துத் தழையைக் குத்திக்கொண்டிருந்தார்.

அம்மா நேராக அவர் எதிரில் போய் நின்றாள்.

"தள்ளுங்க மாமா."

தள்ளி நின்றார். ரெண்டு பக்கத்துக் கயிற்றையும் வெட்டினாள். வலை சுருண்டு போனது. பின்னாலேயே தண்ணீர் இரைந்துகொண்டு போனது. என் கெண்டை எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் துள்ளிக்கொண்டு போயின. நான் ஓவென்று அழுதேன். கீழே வாய்க்காலில் குடமும் புடவையுமாக ஜனம் இறங்கிவிட்டது.

"சொல்தா மீன் அனுப்பிச்சிருக்காருடோய்!" என்று ஒருத்தர் கத்தினார்.

அம்மா கரையின் கீழ்ப்பக்கமாக ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தாள். கசிந்து வந்த தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. மண் கரைந்து வரவில்லை. "நிக்கும்" என்று சொல்லி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா வந்து அவளுக்குக் குடை பிடித்தார்.

"மூணு தடவை இவகிட்ட சொல்லி அனுப்பினேனே மாமா. பாக்கலாம்னீங்களாமே."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆமாம்மா. சொல்லுச்சு. நான்தான் பாக்கல" என்றார்.

மத்தியானம் கீழ் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் மீன் குழம்பு வந்தது. எங்கள் மீன்தான். முதல் துண்டைப் பெரியப்பா என் தட்டில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா மாமா?" என்றாள் அம்மா.

"போதும்மா" என்றார் அவர்.

நடுவில் எனக்கு வேலை இல்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அப்புறமும் இல்லை. கலங்கலும் அம்மா பொறுப்புக்கு வந்துவிட்டது.

பெரியப்பாவுக்கு வயசாகிவிட்டது, நான் சொல்லாததைச் சொன்னதாக நினைத்துக்கொள்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பாவமாக இருந்தது. முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு நன்றாகச் சாப்பிட்டேன்.