தண்ணீர் லாரிக்காரர் வீட்டுக் காகிதப்பூ

கோச்சடையில் தண்ணீர் லாரி ஓட்டும் அழகுமலைக்குச் செடி என்றால் உயிர். கடைசி நடை முடிந்து வீட்டு வாசலில் லாரியை நிறுத்தியதும், தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைக் காகிதப்பூச் செடிக்குத் திறந்துவிட்டுத்தான் அவர் கை கால் கழுவுவார்.

திருப்பரங்குன்றத்து நர்சரி ஒன்றில் ஆசைப்பட்டு வாங்கிய செடி அது. வாங்கியபோது கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. வாசலோரம் நட்டபின் மதிலைத் தாண்டி மாடிப்படிக் கம்பியையும் வளைத்துப் பிடித்துக்கொண்டது. ஆனால் எல்லாம் இலையும் முள்ளும்தான். பேருக்குக்கூட ஒரு பூ இல்லை.

மனைவி அன்னக்கொடிக்கு அதைக் கண்டாலே ஆகாது. துணி காயப்போட மாடி ஏறினால் முள் சேலையைப் பிடித்து இழுக்கும்.

"அம்புட்டுத் தண்ணியவும் குடிச்சுப்புட்டு முள்ளத்தான் வளக்குது. வெட்டி எறிங்க."

"பசிபோல புள்ள. இன்னும் கொஞ்சம் ஊத்திப் பாப்போம்" என்பார் அழகுமலை. சாணி எருவும் போட்டுப் பார்த்தார். இலைதான் தடித்தது.

சித்திரை வெயில் தொடங்கியபோது, லாரி மேல் ஏறித் தொட்டி மூடியைத் திறந்தவர் கால் வழுக்கிக் கீழே விழுந்தார். கணுக்கால் முறிந்து மாவுக்கட்டு போட வேண்டியதாயிற்று. லாரியை மச்சினன் முத்திருளன் ஓட்டத் தொடங்கி, பழங்காநத்தத்தில் தன் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொண்டான். வாசலுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரும் அதோடு நின்றது.

செடி வாடியது; இலைகள் பழுத்து உதிர்ந்தன. அழகுமலை ஜன்னல் வழியே அதைப் பார்த்துப் பார்த்து மருகினார்.

"ஒரே ஒரு குடம் ஊத்து புள்ள."

"குடிக்கிற தண்ணிய முள்ளுக்கு ஊத்த மாட்டேன். மொதல்ல உங்க கால் சேரட்டும்."

ஒருநாள் காலையில் வாசல் தெளிக்கப் போன அன்னக்கொடி அங்கிருந்தே கத்தினாள்.

"ஏங்க, எந்திரிச்சு வாங்க! இங்க வந்து பாருங்க!"

சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நொண்டி வந்தார். மொட்டையாக நின்ற கொப்பெல்லாம் ரோஸ் நிறத்தில் வெடித்திருந்தது. ஒரு வாரத்தில் மதிலே தெரியவில்லை.

அழகுமலை நர்சரிக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அண்ணே, அது காஞ்ச பூமிச் செடி. வேர் நல்லாக் காஞ்சாத்தான் பூவெடுக்கும். பூ முடிஞ்சதும் கொப்பக் கழிச்சு விடுங்க, புதுக் கொப்புல இன்னும் பூக்கும். தண்ணி லாரி ஓட்டுறேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, வாழைக்கன்ன குடுத்து அனுப்பியிருப்பேன்ல!"

தெருவில் போவோர் நின்று செல்போனில் படமெடுத்தார்கள். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடிகூடக் கேமராக்காரரோடு வந்து இறங்கியது. போஸ் கொடுத்த மாப்பிள்ளையின் சட்டைக் கை முள்ளில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. அன்னக்கொடி ஊசி நூலோடு ஓடிவந்து நின்றவாக்கிலேயே தைத்தாள்.

தைத்துக்கொண்டே மணப்பெண்ணிடம், "நடுவுல வெள்ளையா, குட்டியா இருக்கு பாரு, அதுதான் பூவாம். சுத்தி இருக்கிற ரோஸெல்லாம் எலையாம்த்தா. நேத்துத்தான் எனக்கே தெரியும்" என்றாள்.

"அக்கா, நீங்களும் அண்ணனும் நில்லுங்க, ஒரு படம் எடுப்போம்" என்றார் கேமராக்காரர்.

அழகுமலை மாவுக்கட்டுக் காலோடு செடியருகே போய் நிமிர்ந்து நின்றுவிட்டார். "சீ, போங்க" என்று அன்னக்கொடி வீட்டுக்குள் ஓடினாள். போனவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.