பேசின் கேட்டவனுக்கு ஜெபம் கொடுத்தேன்

சாட்சி சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது குமட்டுகிறது. முதலில் என்னைக் கண்டால்தான். ஊர்காவற்றுறையில் எங்கள் சபையில் பன்னிரண்டு வருடம் மைக் பிடித்தவன் நான். ரொக் குழுவில் ட்றம்ஸ் அடித்தேன், குடித்தேன், ஆண்டவர் தூக்கி எடுத்தார் என்பதுதான் கதை. உண்மைதான். ஆனால் சனம் அல்லேலூயா என்று கத்தக் கத்த எனக்கு ருசி பிடித்துவிட்டது. சொல்லச் சொல்லக் கதையில் இரண்டு போத்தல் ஐந்து போத்தலாகியது. என்னைக் கெடுத்தவன் என்று காட்ட ஒருவன் தேவைப்பட்டான். எங்கள் குழுவின் பாட்டுக்காரனை, என் உயிர்ச் சிநேகிதனை, அந்த இடத்தில் நிறுத்தினேன். முதல் போத்தலை வாங்கிக்கொண்டு போனவனே நான்தான். சீ, என்ன மனிதன் நான்!

அவன் பிறகு கொழும்பு ஹோட்டல்களில் கிற்றார் வாசித்துப் பாடினான். ஊரில் அவனுக்கு ஒரு அக்கா மட்டும்தான். கோயில் பெருநாளுக்கு வந்தால் என் வீட்டுக்கும் வருவான். நான் அவனைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்று அவனுக்குத் தெரியும். "மச்சான், என்னை வைச்சு நல்லாப் பேர் எடுக்கிறாய் என்ன?" என்று சிரிப்பான். கோபிக்கவே மாட்டான். அதுதான் எனக்கு எரிச்சல்.

போன வருடம் ஈரல் பழுதாகி ஊருக்கு வந்தான். ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். எங்கள் பாஸ்ரர் என்னைக் கூப்பிட்டு, "பிரதர், விடாதேங்கோ. இந்த ஆத்துமா உங்கட கையில," என்றார். எனக்கும் ஆசைதான். அவனும் மனந்திரும்பினால் என் சாட்சிக்கு எப்பேர்ப்பட்ட முடிவு! அப்படித்தான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு பின்னேரம் அவன் கட்டிலில் எழும்பி இருக்கப் பார்த்தான்.

"மச்சான், சத்தி வருது. பேசினை எடு."

வாந்தி எடுக்கிற பேசின் என் காலடியில் இருந்தது. நான் அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். "ஒருக்காச் சொல்லு. 'இயேசுவே, நான் பாவி' எண்டு சொல்லு. பிறகு எடுத்துத் தாறன்."

"பேசின்..."

"சொல்லடா!"

அவன் சொல்லவில்லை. இரத்தமும் சத்தியுமாக நெஞ்சிலும் சாரத்திலும் கொட்டியது. கையை உதறிக்கொண்டு பின்னுக்குப் பாய்ந்தேன். என் வேதாகமத்தில் பட்டுவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த நயினாதீவுக்காரர், நெற்றி நிறையத் திருநீறு, சேலைன் கம்பியையும் இழுத்துக்கொண்டு எழும்பி வந்து தன் துவாயால் அவனைத் துடைத்தார். அடுத்த நாள் விடிய அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த கிழமையே பாஸ்ரர் துண்டுப்பிரசுரம் அடித்துவிட்டார். கிற்றாரோடு அவன் படம். கீழே, அவன் கண்ணீரோடு மனந்திரும்பிச் செத்த கதை. கண்ணால் கண்ட சாட்சி நானாம். இறங்குதுறையில் வள்ளத்துக்கு நின்ற சனத்துக்கெல்லாம் அதைக் கொடுத்தார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு பாஸ்ரரிடம் போனேன்.

"அவன் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே, பாஸ்ரர்."

"மனசுக்குள்ள சொல்லியிருப்பான். உங்களுக்கென்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை நீங்கள்தான் சாட்சி. அவன்ர அக்காவும் வாறா."

அக்கா தன் கத்தோலிக்கக் கோயிலைத் தவிர வேறு வாசல் மிதிக்காதவள். அந்தக் கடதாசியை மடித்துக் கைக்குள் வைத்தபடி முன்வரிசைக் கதிரையில் வந்து இருந்தாள். தம்பி கடவுளோடு போனானா என்று அறிய வந்திருந்தாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். பாஸ்ரர் கண்ணைக் காட்டினார். கீபோட்டில் மெல்லிய மெட்டு தொடங்கியது. சனத்தை அழவைக்க வேண்டிய இடத்துக்கென்று நாங்கள் வைத்திருக்கிற மெட்டு. அதுவும் என் ஏற்பாடுதான், தூ!

"அக்கா, இந்தக் கடதாசி பொய்," என்றேன். "அவன் ஜெபிக்கேல்லை. பேசின் கேட்டவன். நான் குடுக்கேல்லை."

வேதாகமத்தைப் பார்த்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்ரர் மைக்கைப் பறித்துப் பாட்டொன்றை எடுத்தார். சனம் கைதட்டியது. எங்களுக்குக் கைதட்ட என்னவும் போதும்.

அன்றோடு அந்த மைக்கை விட்டேன். விசுவாசம் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். எனக்கு அது வந்ததே அந்த ஆஸ்பத்திரி வாட்டில்தான். ஆண்டவர் அங்கே நின்றாரென்றால், துவாய் வைத்திருந்தவரின் பக்கம்தான் நின்றிருப்பார்.

வெளியே நான் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்க, அக்கா வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"துடைச்ச மனுசன் என்ன சொன்னவர்?"

"என்னைத்தான் கூப்பிட்டவர். 'தம்பி, இஞ்ச வந்து தலையைப் பிடியும், மூச்செடுக்கக் கஷ்டப்படுறான்' எண்டவர்."

"பிடிச்சனீரே?"

"பிடிச்சனான் அக்கா. இரவு முழுக்க மடியில வைச்சிருந்தனான். ஒரு ஜெபமும் வரேல்லை. சும்மா பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

"முடியுமட்டும்?"

"ஓம்."

அக்கா சிலுவை அடையாளம் போட்டாள்.

"அப்ப அவன் தனியப் போகேல்லை," என்றாள். "அது போதும், தம்பி."