ஒரே கணக்கில் இரண்டு வாட்ச்

மத்தியானச் சாப்பாடு முடிந்து, நான்காம் வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கையில் கட்டியிருந்த வாட்ச் கிர்ரென்று அதிர்ந்தது. பார்த்தால் பட்டாசு வெடிக்கிற மாதிரி ஒரு படம். இன்றைய நடை இலக்கை எட்டிவிட்டேனாம், வாழ்த்துகளாம். தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை வந்ததுதான் அன்றைக்கு நான் நடந்த நடை. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"டீச்சரே, இருந்த இருப்பிலயே நடக்கியளே! அந்த வித்தைய எனக்கும் சொல்லித் தாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது முதல் தடவையல்ல. சுகருக்காக, பள்ளிக்கூடம் விட்டதும் சானல்கரையில், வாய்க்கால் ஓரமாக, வேர்த்து விறுவிறுத்து நடந்துவிட்டு வருவேன். வீட்டில் வந்து போனைத் திறந்தால் அந்த நடை அதில் இருக்காது. நடக்காதபோது நடந்தாய் என்கிறது. நடந்தால் நீ நடக்கவே இல்லை என்கிறது. இப்படி ஒரு புளுகு மூட்டையைக் கையில் கட்டிக்கொண்டு அலைய எனக்கென்ன தலையெழுத்தா?

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் சிரித்தாள்.

"வாட்ச்ச ஏசாதிங்கம்மா. அப்பாக்க வாட்ச்சும் உங்க வாட்ச்சும் ஒரே அக்கவுண்ட்லல்லா கெடக்கு. ரெண்டு பேரும் நடக்கிறத ஒரே ஆளு நடக்கிறதா அது நினைக்கு. ஒரே நேரத்தில ரெண்டு வாட்ச்சும் நடந்தா, ஒரு ஆளு எப்பிடி ரெண்டு எடத்தில நடப்பான்னு ஒண்ண விட்டிரும். அப்பாக்க வாட்ச்சதான் முதல்ல சேத்தது. அதனால உங்களத விட்டிருது."

எங்கள் பக்கத்தில் கல்ஃப்காரர் வீடு என்றால் எல்லாம் ஒரே மெயிலில்தான் ஓடும். என் வீட்டுக்காரர் முதல்முறை சவுதிக்குப் போகும்போது டிராவல்ஸ்காரர் உண்டாக்கிக் கொடுத்த மெயில் அது. விசா, விமான டிக்கெட், கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், மகளின் கல்லூரி அட்மிஷன் எல்லாம் அதில்தான் வந்து விழுந்தன. போன லீவில் வரும்போது, ஒன்று வாங்கினால் இன்னொன்று சும்மா கிடைத்தது என்று இரண்டு வாட்ச் கொண்டுவந்தார். தன்னுடையதைச் சேர்த்த கையோடு என்னுடையதையும் அதே மெயிலில் சேர்த்துவிட்டார்.

"எனக்கு ஒரு மெயிலு தனியா போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"ஏட்டி, நமக்குள்ள என்னத்துக்கு ரெண்டு மெயிலு?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. லீவு முடிந்து போய்விட்டார். கூத்து எனக்கு.

நெய்யூரில் நான் சுகருக்குக் காட்டும் டாக்டர், போனை வாங்கிப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார். "இவ்வளவு நடந்துமா சுகர் இறங்கல்ல?"

"அது நான் நடந்ததில்ல சார். எனக்க வீட்டுக்காரரு சவுதியில நடந்தது."

"அப்போ அவருக்குத்தான் இறங்கியிருக்கும்" என்று சிரித்துவிட்டு, "என்ன சோலி பாக்காரு, இந்த நடை நடக்காரு?" என்று கேட்டார்.

"ஸ்டோர்ல இருந்து பாக்கிற சோலிதான் சார்" என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது.

மூட்டுவலி என்று சொல்லித்தான் சைட் வேலையிலிருந்து தன்னைக் கம்பெனி ஸ்டோருக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லியிருந்தார். ஏசி ரூம், சுழலுகிற நாற்காலி. "குளிருக்குத் துண்டப் போத்திக்கிட்டுல்லா இருக்கேன்" என்று போனில் பெருமையாகச் சொல்வார். நானும் அதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு நடை என்று காட்டும் படத்தைத் திறந்தேன். நான் வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் கோடுகள் உயரமாக நின்றன. சாயங்காலம் நான் சானல்கரையில் நடக்கும்போது அங்கே வெயில் இறங்கியிருக்காது. அந்த நேரத்துக் கோடுதான் எல்லாவற்றிலும் உயரம். அந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு, அந்த வெயிலில், என்ன பொய் சொல்லியிருக்கிறார் இந்த மனுஷன்! கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவள் பார்க்கிறாள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உடனே போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் இதையும் மறைத்துவிடுவார் என்று பயமாக இருந்தது. நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் லீவுக்கணக்குத்தான். போனில் என்ன கேட்டாலும் "நல்ல சுகம்" என்ற ஒரே பதில். இந்த வாட்ச் வந்த பிறகுதான் அவர் எப்போது எழுந்தார், எப்போது நடந்தார், எப்போது உட்கார்ந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு விவரம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

அவர் பக்கத்தில் நான் நடந்ததும் இல்லை. கல்யாணமான வருஷம் மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் பாட்டுக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அது ஒரு பழக்கம். பெண்டாட்டியோடு சேர்ந்து நடந்தால் என்னமோ குறைந்துபோகும். கூட்டத்தில் அவருடைய சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "கொஞ்சம் பைய நடந்தா என்ன?" என்று கடற்கரையில் வைத்துச் சண்டை பிடித்தேன். அடுத்த கொடைக்குச் சேர்ந்து நடப்போம் என்றார். அடுத்த கொடைக்கு அவர் சவுதியில் இருந்தார். பிறகு எந்த மாசிக்கும் லீவு வாய்க்கவில்லை.

"காலையில நடங்கம்மா. அப்பா ஒறங்குற நேரம். அப்போ நீங்க நடக்கிறது ஏறும்" என்றாள் மகள். சரி என்றேன். ஆனால் சாயங்காலம்தான் நடந்தேன். சானல்கரையில் வாத்துகளைத் தாண்டி, துணி துவைக்கிற படித்துறையைத் தாண்டி, பாலம் வரை. அங்கே அவரும் நடந்துகொண்டிருப்பார். என் நடை கணக்கில் விழாது. விழாமல் இருக்கிற வரைக்கும் அவர் என்னோடு நடக்கிறார் என்று அர்த்தம். பைத்தியக்காரத்தனம்தான், எனக்கே தெரியும். டாக்டரிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் மனசு கேட்குமா? வெயில் கூடக் கூட அந்தக் கோடுகளைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு லீவாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேவிட்டேன்.

"ஸ்டோர்ல இருந்து என்ன நடை நடக்கிய?"

"சும்மா, ஸ்டோருக்குள்ள அங்கயும் இங்கயும் நடப்பேன்."

"ஸ்டோருக்குள்ள கன்னியாகுமரி வரைக்குமா நடக்கிய? உங்க வாட்ச்சு எனக்கு எல்லாத்தையும் சொல்லுது. மூட்டுவலிய வச்சுக்கிட்டு வெயில்ல அலையாண்டாம். போதும், வந்திருங்க. எனக்க சம்பளம் போதும் நமக்கு."

"மக கல்யாணம் முடியட்டு. பாப்போம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல நடந்தேன். பாலத்துச் சுவரில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். நான் நடந்தது முழுவதும் ஏறியிருந்தது. வாத்து, படித்துறை, பாலம், ஒரு அடி விடாமல். வாட்ச்சும் அதிர்ந்து வாழ்த்துச் சொன்னது. இத்தனை நாள் இதற்காகத்தானே சண்டை போட்டேன்? அவர் வேலைக்குப் போகும்போது வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டார்.

அங்கிருந்தே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு அவரே கூப்பிட்டார். பின்னால் வண்டிச் சத்தமும் ஆட்கள் சத்தமும் கேட்டன. அவர் மறைக்கவும் இல்லை.

"வாட்ச்சக் கட்டுங்க" என்றேன்.

"எதுக்கு? பாத்துப் பாத்து நீ அங்க கெடந்து விசனப்படதுக்கா?"

"நான் விசனப்பட்டா பட்டிட்டுப் போறேன். வரச் சொன்னா வரமாட்டிய. கூட நடக்கவாவது செய்யுங்க."

அவருக்கு விளங்கவில்லை. ஒரே நேரத்தில் நடந்தால் என் கணக்கு விழாமல் போகும் விஷயத்தைச் சொன்னேன். அதற்காகவே நான் அந்த நேரத்தில் நடப்பதையும் சொன்னேன். இத்தனை வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

"இப்பவும் நான்தான் முன்னால போறேனா?" என்றார்.

"ஆமா. பைய நடங்க."

மறுநாள் சாயங்காலம் பாலம் வரை நடந்துவிட்டுச் சுவரில் உட்கார்ந்தேன். போனைத் திறக்கக் கை வரவில்லை. திறந்து பார்த்தேன். நான் நடந்ததில் ஓர் அடிகூட ஏறவில்லை.