முள் இல்லாத வால்

சிதம்பரத்தில் என் மைத்துனன் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே, ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. நீளம் இரண்டடி மூன்றங்குலம். அதை அந்த ஆணியிலிருந்து இறக்க எனக்கு ஏழு மாதமும் பதினோரு நாளும் ஆயின. அந்த நாட்களில் அவனை நான் வெறுத்ததுபோல, சர்வேயராக வேலை பார்த்த முப்பத்து மூன்று வருடத்தில் எந்த மேலதிகாரியையும் வெறுத்ததில்லை.

அவன் என் மனைவியின் தம்பி. பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன், என்னைவிட நூறு மடங்கு சத்தமாகப் பேசுகிறவன். நான் ஓய்வுபெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கடலூரிலிருந்து ஃபைபர் படகில் தூண்டில் போடப் போவோம். படகோட்டி பக்கத்துக் குப்பத்துக்காரர். வலைத்தொழில் செய்கிறவர், எங்கள் விளையாட்டைப் பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொள்கிறவர்.

அன்று காலை கரை இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தோம். திடீரென்று கடலிலிருந்து ஒன்று எழும்பியது. கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, தலைக்கு முன்னால் இரண்டு சின்னக் கொம்பு. இரண்டு சிறகையும் விரித்து ஆள் உயரத்துக்கு மேலே போய், தட்டையாக வந்து தண்ணீரில் அறைந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போன்ற சத்தம். பின்னாலேயே இன்னொன்று. பிறகு மூன்று சேர்ந்தாற்போல.

"கொம்புத் திருக்கை சார். சின்ன ஜாதி. இதுக்கு மேல வளராது," என்றார் படகோட்டி.

"எதுக்குய்யா குதிக்குது?"

"அதைக் கேட்டாத்தான் தெரியும்."

நான் எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தொரு துள்ளல். எண்ணியதோடு நிறுத்தியிருக்க வேண்டும். துள்ளுகிற இடத்தில் பெரிய மீனும் இருக்கும் என்று என் மூளை சொன்னது. மூன்று முனையுள்ள தூண்டில் கட்டிய போலி மீனை நேராக அந்தக் கூட்டத்துக்குள் வீசினேன்.

அந்தத் திருக்கை இரையைக் கடிக்கவில்லை. அது கடிக்கிற ஜாதியே இல்லை. வாயைத் திறந்துகொண்டு நீந்தி, கண்ணுக்குத் தெரியாத பொடிகளை வடிகட்டித் தின்கிற பிராணி. என் தூண்டில் அதன் சிறகில் போய்க் குத்தியது. இருபத்திரண்டு நிமிடம் இழுத்தேன். என் தோள் விட்டுப்போனது. "மச்சான், நீ புடி," என்றேன்.

பிடித்தான். செவுளுக்குள் நான்கு விரலை விட்டுத் தூக்கினான். படகுக்குள் போட்டான், மடியில் வைத்தான், தலைக்கு மேல் தூக்கினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. எடுத்தது நான்தான். அவன் போன், என் விரல்.

"மாமா, வால்ல முள்ளு இருக்கும்ல, குத்திட்டா?" என்று கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரை நறுக்குகிற கத்தியை எடுத்தான். திருக்கை என்றாலே முதலில் வாலை வெட்டு என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் ஊறிப்போன பயம்.

பின்னால் இன்ஜினைச் சரிபார்த்துக்கொண்டிருந்த படகோட்டி கத்தினார். "யோவ், வெட்டாத! இந்த ஜாதிக்கு முள்ளே கெடையாதுய்யா!"

அதற்குள் வால் அவன் கையில் இருந்தது.

திருக்கையைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, அவன் செய்த ஒரு காரியத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கையைத் தட்டிக்கொண்டான். "பாத்தீங்களா மாமா, உயிரோட வுட்டுட்டேன். நம்மளுக்கும் மனசு இருக்குல்ல."

அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரே சிறகை அடித்துக்கொண்டு கீழே போனது. பிடித்ததிலிருந்து நான் முணுமுணுத்து எண்ணிக்கொண்டே இருந்தேன்: அது தண்ணீருக்கு வெளியே இருந்தது நூற்று நாற்பத்தாறு எண்ணிக்கை. அதன்பின் அங்கே ஒரு துள்ளல்கூட இல்லை. ஒரு மணி நேரம் பார்த்தேன்.

"ஒரு ஈத்துக்கு ஒரு குட்டிதான் சார் இது போடும்," என்றார் படகோட்டி. படகைக் கரைக்குத் திருப்பினார். அடுத்த ஞாயிறு இன்ஜின் ரிப்பேர் என்றார். அதற்கடுத்த ஞாயிறும்.

வால் உப்பில் காய்ந்தது, எண்ணெய் பூசப்பட்டது, சிவப்பு நூல் கட்டிச் சுவரில் ஏறியது. கதையும் வளர்ந்தது. இரண்டாம் மாதம் திருக்கை ஆறடியாக இருந்தது. நான்காம் மாதம் அது அவனைக் குத்தியது. ஐந்தாம் மாதம் பேண்டைத் தூக்கிக் கணுக்காலில் தழும்பைக் காட்டினான். அது பைக் சைலன்சர் சுட்ட தழும்பு. மருந்து வாங்கிவந்தவனே நான்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவன் எங்கே விழுந்தால் அதிகம் வலிக்குமோ அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். நிலத்தை அளக்கிறவனுக்கு முதலில் கல் நடுகிற இடம் தெரிய வேண்டும்.

இடம் தானாகவே வந்தது. அவன் மகளைப் பெண் பார்க்கக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து ரைஸ் மில்காரர் குடும்பத்தோடு வந்தார். மொத்தம் பதினான்கு பேர். ஏரித் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்கள், கடல் சமாச்சாரம் என்றால் கண்ணை விரிப்பவர்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். மில்காரர் சுவரைப் பார்த்தார்.

"அது என்னங்க, சாட்டையா?"

அவ்வளவுதான். என் மைத்துனன் எழுந்து நின்று ஆரம்பித்தான். அலை, ஆறடி, விஷம், ஆஸ்பத்திரி. பேண்டையும் தூக்கினான்.

அவன் முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்து, வாலை ஆணியிலிருந்து கழற்றி, மில்காரர் கையில் கொடுத்தேன்.

"தடவிப் பாருங்க. பயப்படாதீங்க. முள்ளு எங்க இருக்குன்னு சொல்லுங்க."

அவர் அடியிலிருந்து நுனிவரை தடவினார். திரும்பவும் தடவினார். "வழவழன்னு இருக்கே?"

"வழவழன்னுதான் இருக்கும். அந்த ஜாதிக்கு முள்ளு இல்ல, விஷம் இல்ல, கடிக்கப் பல்லும் இல்ல. மூணடி அகலம். சும்மா குதிச்சிக்கிட்டு இருந்திச்சி. இவன் அறுத்தான். காலுல இருக்கிறது சைலன்சர் சுட்டது."

மில்காரருக்குச் சிரிப்பு பீறிட்டது. "சம்பந்தி, நீங்க ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டீங்களே!" என்றார். பதினான்கு பேரும் சிரித்தார்கள். என் மைத்துனன் முகம் கறுத்ததைப் பார்த்தேன். பாயசம் குடித்ததுபோல இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அப்போதுதான் அவன் மெதுவாகக் கேட்டான். அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"தூண்டில் யாருது மாமா?"

நான் என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

"கூட்டத்துக்குள்ள வீசினது யாரு? போட்டோ எடுத்தது யாரு? சரி, நான் முட்டாப் பய, அறுத்தேன். அறுக்கும்போது நீங்க என்ன பண்ணீங்க? வேணாம்டான்னு ஒரு வார்த்தை? தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்திரெண்டுன்னு எண்ணிக்கிட்டுத்தானே நின்னீங்க?"

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. வால் இன்னும் மில்காரர் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சம்பந்தம் நின்றுபோகவில்லை, மில்காரர் நல்ல மனிதர். ஆனால் கடலூர் திரும்பிய பஸ்ஸில் என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி ஒரே வாக்கியம்தான் சொன்னாள். "அவங்க பொண்ணு பாக்க வந்த நாளுதான் கெடச்சுதா ஒங்களுக்கு?" அதற்குப் பிறகு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள், தம்பி கொடுத்தனுப்பியதாகச் சொல்லி, செய்தித்தாளில் சுற்றிய வாலை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

தூண்டில் பெட்டியைத் திறந்தேன். எல்லாத் தூண்டில் முனையிலும், குத்தினால் கழன்று போகாதிருக்க எதிர்ப்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீன் எளிதாகக் கழன்றுகொள்ளும். தெரியாமல் இல்லை. மீன் தப்பிவிடுமே என்று இத்தனை வருடம் நசுக்கவில்லை. தூண்டில் போடுகிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: அந்தக் கொம்புக்காரர்கள் துள்ளுகிற இடத்தில் வீசாதீர்கள். தப்பித்தவறி மாட்டினால் படகுக்குள் தூக்காதீர்கள், செவுளில் கை விடாதீர்கள், தண்ணீரில் இருக்கும்போதே கழற்றுங்கள், முடியாவிட்டால் தூண்டில் நரம்பை முனைக்குக் கிட்டே அறுத்துவிடுங்கள். போட்டோ வேண்டுமென்றால் கண்ணாடியைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து மைத்துனன் போன் செய்தான். "ஞாயித்துக்கெழம வரட்டுமா மாமா?"

"வா. ஒன் பெட்டியையும் எடுத்துக்கிட்டு வா. கடலுக்குப் போறதுக்கு முந்தி ஒரு வேல இருக்கு."

வந்தான். படகோட்டியையும் கூப்பிட்டிருந்தேன். அவர் முன்னால், துறைமுகத்து டீக்கடை பெஞ்சில் அவனை உட்காரவைத்து, இடுக்கியைக் கையில் கொடுத்தேன். அவன் பெட்டியும் என் பெட்டியும் சேர்த்து ஒற்றை முனைத் தூண்டில் ஐம்பத்தெட்டு. ஒவ்வொன்றாக நசுக்கச் சொன்னேன், நான் சத்தமாக எண்ணினேன். முப்பதில் கட்டைவிரல் சிவந்தது. நாற்பத்தைந்தில் தோல் உரிந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு அது இனித்தது. ஐம்பத்தெட்டு முடிந்ததும் கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

அவன் என் பெட்டிக்குள் கையை விட்டு, அடியில் கிடந்த போலி மீனை எடுத்தான். அந்த மூன்று முனைத் தூண்டில் அதில் அப்படியே இருந்தது. அதையும் இடுக்கியையும் என் மடியில் வைத்தான்.

"இது ஒங்களுது. நீங்க அழுத்துங்க, நான் எண்ணுறேன்."

படகோட்டி டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

முதல் முனையில் இடுக்கியை வைத்தேன். "ஒண்ணு," என்றான். இரண்டாவது கொக்கி வழுக்கியது, திரும்ப வைத்து அழுத்தினேன். "ரெண்டு." மூன்றாவதில் இடுக்கியைப் பொருத்தினேன். அழுத்த வரவில்லை. அவன் அவசரப்படுத்தவில்லை. மூன்று என்று சொல்வதற்காக, வாயைத் திறந்தபடி, எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பவனைப்போல உட்கார்ந்திருந்தான்.