உட்காரலாமா என்று கேட்டவர்

ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில், காலில் சுருண்டு புடைத்த நரம்புகளுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்ட அன்று அவரைப் பார்த்தேன். சிகிச்சை முடிந்ததும் இறுக்கமான காலுறையை மாட்டிவிட்டு, அரை மணி நேரம் வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் அதே சிகிச்சை முடித்த அவர் நடந்துகொண்டிருந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் காவலாளி என்றார். அறுபது வயதிருக்கும். கணுக்காலில் ஆறாத புண், அதன் மேல் துணிக்கட்டு. கட்டையும் மீறி வந்த நாற்றம் தாங்காமல் நான் இரண்டடி பின்தங்கியே நடந்தேன்.

சட்டையை இன் செய்த யார் எதிரே வந்தாலும் அவர் நின்று சல்யூட் அடித்தார், மருந்துக் கம்பெனி ஆளுக்குக்கூட.

"நிக்காதீங்க தாத்தா, நடந்துகினே இருங்க" என்று நர்ஸ் அதட்டினாள்.

"டூட்டில உக்காரவே மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சேர் இருந்துச்சு சார். கேமராவுல பாத்தா சோம்பேறி மாரி கீதுன்னு தூக்கினு பூட்டாங்கோ. பன்னெண்டு மணி நேரமும் நின்னுகினுதான்."

"இந்தப் புண்ணோடவா?"

"புண்ணுலேந்து ஒயுகுற தண்ணி ஷூவுல தெரியக்கூடாதுன்னாங்கோ. பால் கவர சுத்திகினு மாட்டிக்குவேன்."

எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்த முறை புண் காரணமில்லை.

நடை முடிந்ததும் நர்ஸ் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. இஸ்திரி போட்ட என் சட்டையைப் பார்த்தபடியே நின்றார்.

"உக்காரட்டா சார்?"

அனுமதி கொடுக்கிறவன் மாதிரி நான் தலையாட்டினேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

அப்படித் தலையாட்டியதை நினைத்தால் இன்றும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.