கிணற்றடியில் மட்டையோடு நின்றவன்

முதலில் தெரிந்தவை கட்டங்கள்தான். ஒரு சாயங்காலம் அடுக்களைச் சுவர் முழுக்கப் பச்சைக் கோடுகளால் கட்டம் கட்டமாக வரைந்திருந்தது. யார் இந்த வேலையைச் செய்தது என்று கிட்டே போய்த் தடவினேன். சுவர் எப்போதும்போல் வழவழப்பாக இருந்தது. கண்ணைச் சிமிட்டியதும் கோடுகள் போய்விட்டன.

அதற்கு ஓரிரு வருஷம் முன்பே பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. தெருவிளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தது. பஸ் போர்டைப் படிக்க முடியவில்லை. நான் ரிட்டயர் ஆனேன், கண்ணும் கூடவே ரிட்டயர் ஆகிறது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பார்வை குறைந்த பிறகு இல்லாத பொருள்கள் கண்ணில் படுகிற யாரேனும் இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெளியே சொன்னால் ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நானும் பயந்து வாயைத் திறக்காமல் இருந்தேன். பயப்பட வேண்டாம். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கட்டங்களுக்குப் பிறகு பூக்கள் வந்தன. பிறகு ஒரு நாள், கரமனையில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தபோது, கிணற்றடியில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். கிணறும் வாழையும் கஞ்சித் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கலங்கித் தெரிய, அவன் மட்டும் துல்லியமாக இருந்தான். சட்டையின் தையல்கூடத் தெரிந்தது. தலையில் தொப்பி, கையில் உருண்டு நீண்ட மட்டை. எனக்கு முதுகைக் காட்டி நின்றான். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைத்தேன். மட்டையை அவன் இடது தோளில் ஏற்றிப் பிடித்திருப்பதைக் கண்டதும் கதவை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

என் மகன் விச்சு இறந்து அப்போது சில வருஷங்கள் ஆகியிருந்தன.

பேஸ்பால் எங்கள் வீட்டுக்குள் வந்தது கிரேஸ் மார்க்குக்காக. கேரளத்தில் பள்ளி விளையாட்டில் மாநில அளவுக்குப் போனால் பத்தாம் வகுப்பு மார்க்கில் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள். கிரிக்கெட்டுக்கும் ஃபுட்பாலுக்கும் கூட்டம் அலைமோதும். பேஸ்பால் ஆடவோ ஆளே கிடையாது. டீமில் பெயர் இருந்தால் போதும், மாநில அளவு கைக்கெட்டிய தூரம். இந்தக் கணக்கைப் போட்டு எங்கள் தெருவில் நாலைந்து அம்மாக்கள் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டோம். அந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

இவன் ஒழுங்காகப் போகிறானா, ஊர் சுற்றுகிறானா என்று உளவு பார்க்கத்தான் முதல் தடவை மைதானத்துக்குப் போனேன். ஆபீஸில் பெர்மிஷன் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸும் குடையுமாக ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்தேன். பந்தை அடித்துவிட்டு, தரையில் வைத்த நாலு பேஸையும் தொட்டுச் சுற்றி வரவேண்டும் என்கிற அளவுக்குத்தான் புரிந்தது. எதிர் டீம் பையன் நன்றாக ஓடியபோது நானும் கைதட்டிவிட்டேன். விச்சு தூரத்திலிருந்தே தலையில் அடித்துக்கொண்டான்.

சோற்றுக்கை எது என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தோம். அப்படியும் எதற்கும் இடது கைதான் முதலில் நீளும். மைதானத்திலோ கோச் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினார். இடது கைக்காரன் நிற்கும் இடம் முதல் பேஸுக்கு ஒரு எட்டு கிட்டே இருக்கிறதாம். வீட்டில் நாங்கள் திட்டிய கைக்கு வெளியே இத்தனை மரியாதையா என்று எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. பிறகு உளவு பார்க்கப் போகவில்லை. பார்க்க ஆசையாக இருந்ததால் போனேன்.

ஒரு மழை நாள் ஆட்டத்தில் அவன் கடைசி பேஸுக்கு நெஞ்சு தேயச் சறுக்கி வந்தான். எழுந்தபோது முன்பக்கம் முழுக்கச் செம்மண். டீமே அவன்மேல் விழுந்தது. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து கழுத்தைத் திருப்பி, மாமரத்தடியில் நான் இருக்கிறேனா என்று பார்த்தான். பல்லிலும் மண். நான் எழுந்து குடையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

காலேஜில் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் (எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து தொற்றும் காய்ச்சல்) வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று எல்லோரும் நினைத்தோம். அது சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

கிணற்றடிப் பையனைப் பற்றி என் கணவரிடம் சொல்லக் கொஞ்ச நாள் ஆயிற்று. பாங்க் வேலையில் பாலக்காடு, திருச்சூர் என்று மாற்றலாகிக்கொண்டிருந்தவர் அவர். விச்சு படிக்கும்போது வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். ஆட்டங்களோ வார நாட்களில். விச்சு ஆடி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் சொன்னதும் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கொல்லைக் கதவருகே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இப்போ நிக்கறானா?"

"நிக்கறான்."

"என்ன பண்றான்?"

"ஒண்ணும் பண்ணலை. மட்டையைப் பிடிச்சுண்டு சும்மா நிக்கறான்."

அவர் உள்ளே போய் இரண்டு நாற்காலிகளை எடுத்துவந்து போட்டார். அன்றிலிருந்து சாயங்காலம் காப்பியோடு நாங்கள் அங்கேதான் உட்கார்ந்தோம்.

தப்பான பஸ்ஸில் ஏறி எங்கேயோ இறங்கிய பிறகுதான் என் கணவரோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெண்மை படர்ந்து ஒளியை மறைப்பது) நன்றாக முற்றியிருந்தது. டாக்டர் இளம் மலையாளிப் பெண். பையனைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அம்மே, இது பிராந்து, பைத்தியம் ஒண்ணும் இல்லை. கண்ணுக்குக் கிட்டாததை மூளை சொந்தமா உண்டாக்கிக் காட்டுது, அத்ரயே உள்ளு, அவ்வளவுதான்," என்றார். இதற்கு ஒரு வெளிநாட்டுப் பெயரும் சொன்னார். என் வாயில் நுழையவில்லை. பெரும்பாலும் முன்பின் தெரியாத ஆட்கள்தான் தெரிவார்களாம். முகம் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை, முதுகு மட்டும்தான் என்றேன். அப்படியானால் அது யாராகவும் இருக்கலாமே என்றார். இடது கையைப் பற்றி நான் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்து புது வில்லை வைத்தால் இந்தத் தொந்தரவு அனேகமாகப் போய்விடும் என்று அவர் நல்ல சேதி சொல்வதுபோல் சொன்னார். பஸ்ஸில் திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபடி என் கணவர், இப்போது என்ன அவசரம், மழை முடியட்டும் என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

மழை முடிந்து, அடுத்த மழையும் வந்தது. பையன் தினமும் வருவதில்லை. வந்தாலும் சில நிமிஷம்தான். இன்றைக்கு வரவில்லை என்று ஒரு நாள் சொன்னேன்.  அவர் காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. மறுநாளும் பையன் வரவில்லை. ஆனால் நான், "இதோ அடிச்சான், ஓடறான்" என்றேன்.

முதலில் நான் பார்த்த ஆட்டங்களைச் சொன்னேன். அவை தீர்ந்ததும் கைக்கு வந்தபடி கதை கட்டினேன். அவர் "அப்பறம்?" என்று கேட்பார், சிரிப்பார், ரூல் தெரியாமல் சண்டை போடுவார். பிள்ளை போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம் அவர் கேட்டார். "நான் இங்க உக்காந்திருக்கறது அவனுக்குத் தெரியுமோ?"

"தெரியும். இப்பதான் திரும்பி உங்களைப் பார்த்தான்."

அந்தப் பையன் ஒருபோதும் திரும்பியதில்லை.

சற்று நேரம் கழித்து, மழை நாளில் நிஜமாகவே திரும்பிய அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. செம்மண்ணும் மாமரமும் குடையும் வந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில், கிணற்றடியில் நான் திருப்பிவிட்ட முகம் வந்து நின்றது. கண்ணை மூடித் திறந்து மறுபடி மறுபடி முயன்றேன்.  நான் பார்த்த விச்சுவும் நான் சொன்ன விச்சுவும் கலந்துபோயிருந்தார்கள்.

"நான் ஆபரேஷன் பண்ணிண்டுடறேன்," என்றேன்.

"அப்பறம் அவன்?" என்றார் அவர்.

"நிஜமா நான் பார்த்தவன் அழிஞ்சுண்டிருக்கான். நான் சொல்றதெல்லாம் அவன் மேல ஏறி உக்காந்துக்கறது. இன்னும் கொஞ்ச நாள் போனா அவனும் மிஞ்ச மாட்டான்."

 ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் அவர் எனக்கு முன்னே தயாராகி, குடையோடு வாசலில் நின்றார்.

ஆபரேஷனைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணுக்குப் பக்கத்தில் போடும் மரத்துப்போகிற ஊசி ஒன்றுதான் வலி. பிறகு தண்ணீருக்கடியிலிருந்து வெளிச்சத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான். மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண், மூக்குத்தி போட்டிருந்தார். திரும்பி என் கணவரைப் பார்த்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். எனக்குத் தெரியாமல் எப்போது இவ்வளவு வயதானார் என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, நேரம் தவறாமல் சொட்டு மருந்து என்று கொஞ்ச நாள் போயிற்று. அவர் நாற்காலிகளைக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.  ஒரு சாயங்காலம் நானே கொல்லைக் கதவைத் திறந்தேன். கிணற்றுச் சுவரில் பாசி, வாழை இலையில் கிழிசல், எல்லாம் தெளிவாக இருந்தன. யாரும் இல்லை. இருட்டும்வரை நின்றேன். யாரும் வரவில்லை. பிள்ளை இரண்டாம் முறை போனதுபோல் அழுதேன்.

மழை நாள் முகம் சில நாள் திரும்பி வருகிறது. சில நாள் வருவதில்லை. வருவது நான் பார்த்ததா, நானே செய்ததா என்று உறுதியாகச் சொல்ல எனக்கு இனி முடியாது.

இரண்டாவது கண்ணும் ஆன பிறகு வீட்டு வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டேன். என் கண் மங்கியதிலிருந்து துணி துவைத்து உலர்த்தியதெல்லாம் அவர்தான். ஈரப் புடவையோடு கொல்லைக்குப் போனவளுக்குக் கொடிக்கயிறு எட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தலை உயரத்தில் இருந்த கயிறு, ஓட்டுக் கூரையின் இறவாணத்தை ஒட்டி உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. கிணற்றைச் சுற்றி இருந்த செம்பருத்தித் தொட்டிகளும் துளசியும் மதிலோரமாக ஒதுங்கி வரிசையாக நின்றன. நடுவில் தரை பெருக்கிவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. அன்று கதவில் நின்றபோதுகூடப் பையனைத்தான் தேடினேனே தவிர, இதைக் கவனிக்கவில்லை.

யார் இதை மாற்றியது என்று கேட்டேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மட்டையை வீசினா கயிறு தட்டும்னு தோணித்து. ஓடறதுக்கும் கொஞ்சம் எடம் வேண்டாமா?"

பிறகு என்னைப் பார்க்காமல், இனி இறக்கிக் கட்டிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

இப்போது எங்கள் இருவருக்கும் முழங்கால் வலி. ஸ்டூலில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டித்திருக்கிறார். தினமும் காலையில் அவர் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். நான் ஏறித் துணியை உலர்த்துகிறேன்.